காற்றில் விளக்கு ஏற்றிய வாத்தியார்

குழந்தைகளே! காற்று அடித்தால் விளக்கு அணைந்து போகும். அது நமக்குத் தெரியும். ஆனால், அந்தக் காற்றைப் பிடித்தே விளக்கு ஏற்றினார் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவரைப் பற்றித் தெரியுமா?

அவர் பெயர் பௌல் லா கூர். ஊர், ஆஸ்கவ். நாடு, ஐரோப்பாவின் வடக்கே இருக்கும் டென்மார்க். நம் தரங்கம்பாடியில் 1620ல் கடலோரமாகக் கோட்டை கட்டினார்களே டேனிஷ்காரர்கள், அவர்களுடைய நாடுதான்.

டென்மார்க் சின்னஞ்சிறு நாடு. ஜனத்தொகை ஏறக்குறைய 60 லட்சம். சென்னையிலும் அதைச் சுற்றியும் வசிப்பவர்களை விடக் குறைவு! அங்கே மலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. நாட்டிலேயே உயரமான இடம் ஒரு மேடு. அதன் உயரம் 171 மீட்டர்தான். மோலேஹோய் என்று பெயர். 'ஆலை மேடு' என்று அர்த்தம். முன்பு அங்கே மாவு அரைக்கும் காற்றாலை ஒன்று இருந்தது.

மலை இல்லாத ஊரில் அருவி ஏது? அணை கட்டி மின்சாரம் எடுக்க வழியில்லை. நிலக்கரியும் பெரிதாகக் கிடையாது. ஒரு பக்கம் வட கடல், இன்னொரு பக்கம் பால்டிக் கடல், நடுவே தட்டையான நிலம். தடுப்பார் யாருமின்றிக் காற்று மட்டும் வீசிக்கொண்டே இருக்கும்.

லா கூர் வேலை பார்த்தது, கிராமத்து வாலிபர்கள் தங்கிப் படிக்கும் பள்ளி. அந்த மாதிரிப் பள்ளிகளில் பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. 'ஆகா!' என்று துள்ளாதீர்கள், பாடம் உண்டு. அப்போது நகரங்களில் மின்விளக்கு வரத் தொடங்கியிருந்தது. கிராமங்களில் அது இல்லை. 'நம் கிராமத்து ஜனங்களுக்கும் மின்சாரம் வேண்டாமா?' என்பதுதான் அவருடைய கவலை.

1891ல் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு காற்றாலை கட்டினார். அதன் இறக்கைகள் மாவு அரைக்கவில்லை. டைனமோவைச் சுழற்றி மின்சாரம் தந்தன. ஆனால், காற்று நின்றால் மின்சாரமும் நின்றுவிடுமே! என்ன செய்வது?

வாத்தியார் யோசித்தார். தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று இரண்டு வாயுக்களாகப் பிரியும். உங்கள் அறிவியல் பாடத்தில் வரும் மின்னாற்பகுப்பு இதுதான். காற்று வீசும்போது ஹைட்ரஜனைத் தயாரித்துத் தொட்டியில் சேர்த்து வைத்தார். தேவைப்பட்டபோது அதை எரித்து வெளிச்சம் உண்டாக்கினார். அதாவது, காற்றையே சேமித்து வைத்தார்! 1895 முதல் 1902 வரை அந்தப் பள்ளியில் இப்படித்தான் விளக்கு எரிந்தது.

இதில் ஆபத்தும் இருந்தது. ஹைட்ரஜனோடு கொஞ்சம் ஆக்சிஜன் கலந்துவிட்டால் 'டமார்'தான். பள்ளி ஜன்னல் கண்ணாடிகள் சிதறிப் பல தடவை புதிதாகப் போட வேண்டியதாயிற்று. (நீங்கள் யாரும் வீட்டில் முயற்சி செய்து பார்க்க வேண்டாம். கண்ணாடியோடு போகாது!)

இறக்கைகளையும் அவர் ஆராய்ந்தார். நிறைய இறக்கைகள் மெதுவாகச் சுற்றுவதை விட, குறைவான இறக்கைகள் வேகமாகச் சுற்றினால்தான் மின்சாரம் எடுக்க நல்லது என்று கண்டுபிடித்தார். கிராமத்து இளைஞர்களுக்குக் 'காற்று மின்சாரம்' என்று ஒரு படிப்பையே தொடங்கினார். 1908ல் அவர் இறந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1918ல், டென்மார்க்கின் கிராமத்து மின் நிலையங்களில் சுமார் 120 இடங்களில் காற்றாலை இருந்தது.

அதன்பின் நிலக்கரியும் பெட்ரோலிய எண்ணெயும் மலிவாக வந்து இறங்கின. காற்றாலைகளை எல்லாரும் மறந்து போனார்கள்.

எல்லாரும் என்றா சொன்னேன்? ஒருவர் மறக்கவில்லை. 1904ல் லா கூரிடம் படித்த ஜொஹன்னஸ் யூல் என்ற மாணவர். அவர் மின் நிறுவனத்தில் வேலைக்குப் போய், தலை நரைத்த பிறகும் வாத்தியார் சொன்னதை விடவில்லை. 1957ல், அவருக்கு 70 வயது நெருங்கும்போது, கெட்ஸர் என்ற கடலோர ஊரில் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவினார். மூன்று இறக்கைகள். புயலில் தறிகெட்டுச் சுற்றாமல் இருக்க இறக்கை நுனியிலேயே பிரேக்! பெரிய பழுது இல்லாமல் அது பத்து ஆண்டுகள் ஓடியது. நாகர்கோவில் போகும் வழியில் முப்பந்தல் பக்கம் வரிசையாக நிற்கும் மூன்று இறக்கைக் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கெல்லாம் கெட்ஸர் காற்றாலை பாட்டி மாதிரி. 40 வருஷம் வகுப்பில் நின்றவன் என்பதால், எனக்கு இந்த மாணவர் கதைதான் ரொம்பப் பிடித்த பகுதி.

1973ல் வந்தது சோதனை. அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்தன. விலை மளமளவென்று ஏறியது. டென்மார்க் தன் எரிசக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. நெடுஞ்சாலைகளில் ஜனங்கள் சைக்கிளில் போனார்கள்.

அப்போதுதான் காற்று மீண்டும் ஞாபகம் வந்தது. யாருக்கு? பெரிய தொழிற்சாலைகளுக்கு அல்ல. ரீசாகர் என்ற தச்சர், கடைகளில் கிடைக்கும் மோட்டார், வண்டிப் பாகங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வீட்டுத் தோட்டத்தில் 22 கிலோவாட் காற்றாலை செய்துவிட்டார். ட்விண்ட் என்ற இடத்தில் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து, ஆசிரியர்களின் சம்பளத்தைப் போட்டு, 53 மீட்டர் உயரக் காற்றாலையை 1978ல் எழுப்பினார்கள். 40 ஆண்டுகளைத் தாண்டியும் அது சுழன்றது. கொல்லர் பட்டறையாகத் தொடங்கி விவசாயக் கருவிகள் செய்துவந்த வெஸ்டாஸ் நிறுவனம், 1979ல் காற்றாலை விற்க ஆரம்பித்தது. இன்று உலகின் மிகப் பெரிய காற்றாலை நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

அக்கம்பக்கத்தார் ஒன்றுசேர்ந்து பங்கு போட்டுக் காற்றாலை வாங்குவதும் அங்கே வழக்கமாயிற்று. 2000ல் தலைநகர் கோபன்ஹேகனை ஒட்டிய கடலில் 20 காற்றாலைகளை நட்டார்கள். அவற்றில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். சத்தம் கேட்கிறது, கண்ணை மறைக்கிறது என்று சண்டை போட்டவர்களும் உண்டு. ஆனாலும், தனக்கும் ஒரு பங்கு இருந்தால் அந்தச் சத்தம் அவ்வளவாகக் கேட்பதில்லை போலும்!

கடலுக்குள் ஏன் போக வேண்டும் என்று கேட்கிறீர்களா? அங்கே காற்று பலமாக வீசும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அதில் உள்ள ஆற்றல் இரண்டு மடங்கு ஆகாது. எட்டு மடங்கு ஆகும். உலகிலேயே முதல்முதலாகக் கடலில் காற்றாலைப் பண்ணை அமைத்ததும் டென்மார்க்தான். 1991ல் வின்டபி என்ற இடத்தில் 11 காற்றாலைகள். எல்லாம் சேர்ந்து 5 மெகாவாட். 2017ல் வயதாகிவிட்டதென்று பிரித்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரே காற்றாலை 15 மெகாவாட் தருகிறது. மூன்று வின்டபிக்குச் சமம்! அதன் இறக்கை மேலே வரும்போது உயரம் 280 மீட்டர். ஆலை மேட்டின் உயரம் ஞாபகம் இருக்கிறதா? கழித்துப் பாருங்கள்.

டென்மார்க்கின் மின்சாரத் தேவையில் இப்போது ஏறக்குறைய பாதியை, சில ஆண்டுகளில் அதற்கு மேலும், காற்றுதான் தருகிறது.

மீதிக்கு என்ன செய்கிறார்கள்? வாத்தியாரின் பழைய கேள்விதான்: காற்று நின்றால்? பக்கத்து நாடான நார்வேக்குக் கடலடியில் கம்பி போட்டிருக்கிறார்கள். நார்வேயில் மலையும் அணையும் ஏராளம். டென்மார்க்கில் காற்று பலமாக வீசும்போது மிச்ச மின்சாரம் நார்வேக்குப் போகும். நார்வே தன் அணைத் தண்ணீரைத் திறக்காமல் வைத்துக்கொள்ளும். காற்று ஓய்ந்தால் நார்வே அணையைத் திறந்து, மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்.

ஆனாலும் அது மட்டும் போதவில்லை. காற்று பலமாக வீசும் நாளில் எல்லாருடைய மின்சாரமும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து, விலை விழுந்துவிடுகிறது. 2024 டிசம்பரில் வட கடலில் புதிய காற்றாலைகள் அமைக்க அரசு ஏலம் விட்டது; ஒரு நிறுவனமும் கேட்க வரவில்லை. அதனால்தான் மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆலைகளை அங்கே கட்டிப் பார்க்கிறார்கள். செலவுதான் இன்னும் கட்டுப்படியாகவில்லை. ஆஸ்கவில் லா கூரின் காற்றாலைக் கட்டடம் இன்று அருங்காட்சியகம்.