ரூட் பயனரும் லினக்ஸ் வழங்கிப் பாதுகாப்பும்

ரூட் என்பது லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் எல்லா அதிகாரங்களும் கொண்ட பயனர் கணக்கு ஆகும். எந்தக் கோப்பையும் படிக்கவும் அழிக்கவும், எந்த நிரலையும் நிறுத்தவும், பிறருடைய கடவுச்சொல்லை மாற்றவும் இக்கணக்கால் இயலும். லினக்ஸ் பயனர்களைப் பெயரால் அன்றி எண்ணால் அடையாளம் காண்கிறது. ரூட்டின் எண் 0. இந்த எண்ணுடன் இயங்கும் கட்டளையைக் கோப்பு அனுமதிகள் தடுப்பதில்லை. எனவே, இக்கணக்கை யார், எதற்காக, எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார் என்பதைக் கட்டுப்படுத்துவதே வழங்கிப் பாதுகாப்பின் அடிப்படை.

தமிழ்நாட்டில் லினக்ஸ்

தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2000களின் பிற்பகுதியில் தன் கணினிகளைச் சூசே லினக்சுக்கு மாற்றியது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 சனவரியில் வெளியானது. இது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே டெபியனில் கற்கும் நிர்வாக முறைகள் பெரும்பாலும் பாஸ் லினக்சுக்கும் பொருந்தும்.

தவறுதலால் நேரும் இழப்பு

அழிவு எப்போதும் வெளியாரால் வருவதில்லை. 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், துணை வழங்கி என்று எண்ணி முதன்மை வழங்கியின் தரவுத்தள அடைவை நீக்கினார். உடனே நிறுத்தியும், சுமார் 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட் மட்டுமே எஞ்சியது. அன்றாடக் காப்புநகல்கள் பல நாட்களாகவே எடுக்கப்படாமல் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காகக் கையால் எடுக்கப்பட்டிருந்த நகல் ஒன்றே கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு மீளவில்லை.

இதிலிருந்து இரு விதிகள் பெறப்படுகின்றன. கட்டளை இடுமுன் எந்த வழங்கியில் இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். காப்புநகலை எடுப்பதோடு நில்லாமல், அவ்வப்போது மீட்டுப் பார்த்தும் சோதிக்க வேண்டும்.

சூடோ

சூடோ என்பது ஒரு கட்டளைக்கு மட்டும் ரூட் அதிகாரம் தரும் மென்பொருள். இது 1980 அளவில் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் உருவானது. பள்ளியின் எல்லாச் சாவிகளையும் கொத்தாகக் கொடுக்காமல், தேவைப்படும் அறையின் சாவியை மட்டும் கொடுத்து, பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வதற்கு இதனை ஒப்பிடலாம். யார் எந்தக் கட்டளையை இயக்கினார் என்பது பதிவாகிறது. பலர் ஒரே ரூட் கடவுச்சொல்லைப் பகிர்ந்தால் இந்த விவரம் கிடைக்காது. டெபியனை நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால், ரூட் கணக்கு பூட்டப்பட்டு முதற்பயனருக்குச் சூடோ உரிமை கிடைக்கிறது.

தொலைவிலிருந்து நுழைதல்

வழங்கிக்குள் தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய எஸ்எஸ்எச் என்னும் நெறிமுறை பயன்படுகிறது. பின்லாந்தின் தாத்து இலோனன் இதை 1995இல் உருவாக்கினார். இதன் வழக்கமான வாயில் எண் 22. இணையத்தில் உள்ள எந்த வழங்கியிலும் இந்த வாயிலில் தானியங்கி நிரல்கள் கடவுச்சொற்களை மாற்றி மாற்றி முயன்றுகொண்டே இருக்கும். ரூட் என்ற பெயர் எல்லா லினக்சிலும் இருப்பதால் அதுவே முதல் இலக்கு. ஆகவே நிர்வாகிகள் வழக்கமாகச் செய்பவை:

1. ரூட் நேரடியாக நுழைவதைத் தடுத்தல்.
2. கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிக் கோப்புகளைப் பயன்படுத்துதல்.
3. தேவையற்ற வாயில்களைத் தீச்சுவரால் மூடுதல்.

அமைப்பை மாற்றியபின் பழைய இணைப்பை மூடாமல், மற்றொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பார்க்க வேண்டும். இல்லையெனில் நிர்வாகியே வெளியில் நிற்க நேரிடும்.

இற்றைப்படுத்தலும் பதிகைகளும்

காவல் காக்கும் மென்பொருளிலும் ஓட்டை இருக்கலாம். 2021 சனவரியில் சூடோவில் ஒரு வழு வெளிப்பட்டது. சாதாரணப் பயனரையும் ரூட் ஆக்கக்கூடிய அவ்வழு, 2011 முதல் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுவதே இதற்குத் தீர்வு.

ரூட் அதிகாரம் பெற்றவர் தன் தடயத்தையும் அழிக்க முடியும் என்பதால், பதிகைகளை வேறொரு கணினிக்கும் அனுப்பிவைப்பது நல்லது. 2011 ஆகத்து மாதம், லினக்ஸ் மூலநிரலை வழங்கும் கெர்னல்.ஆர்க் தளத்தின் வழங்கிகளிலேயே ஊடுருவியோர் ரூட் அதிகாரம் பெற்றது கண்டறியப்பட்டது. மூலநிரலின் பிரதிகள் உலகெங்கும் பலரிடம் இருந்தன. ஒவ்வொரு மாற்றமும் கிட் மென்பொருளின் சரிபார்ப்புக் குறியுடன் பதிவாகியிருந்தது. அதனால் யாரும் அறியாமல் நிரலைத் திருத்த வழியில்லை.

சட்டம்

இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்பிரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறைப்படி, நிறுவனங்கள் ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; பதிகைகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் தீய நோக்குடன் நுழைவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டுச் சிறை, ஐந்து இலட்சம் ரூபாய் அபராதம் வரை தண்டிக்கத்தக்கது. எனவே மாணவர்கள் தம் சொந்தக் கணினியில் மெய்நிகர் கணினி ஒன்றை நிறுவி, அதில் ரூட்டாகப் பழகுவதே முறை. அங்கே எதை அழித்தாலும் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்.