தலைக்கு மேலே என்ன இருக்கிறது?

2001ஆம் ஆண்டு ஜனவரி 26. குடியரசு நாள். குஜராத் மாநிலம் அஞ்சார் நகரில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். அது குறுகலான தெரு. காலை எட்டே முக்கால் மணிக்குப் பூமி அதிர்ந்தது. இருபுறமும் இருந்த கட்டடங்கள் அவர்கள் மேல் சரிந்தன. 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் இறந்து போனார்கள்.

பிள்ளைகள் வீட்டுக்குள் இல்லை. தெருவில்தான் இருந்தார்கள். தெருவுக்கு வந்துவிட்டால் பிழைத்தோம் என்று நாம் நினைக்கிறோம் அல்லவா?

மூன்று நாள் கழித்து பெங்களூருவிலும் நிலம் அதிர்ந்தது. சிறிய அதிர்ச்சிதான். ஆனாலும் மக்கள் பதறி வெளியே ஓடினார்கள். குஜராத் செய்தியைக் கேட்டவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

பெங்களூரு ஆபத்துக் குறைந்த பகுதி என்பது உண்மை. மராட்டிய மாநிலம் கில்லாரியையும் அப்படித்தான் சொன்னார்கள். 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் அங்கே நில நடுக்கம் வந்தது. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் மாண்டார்கள்.

ஸ்ரீராமபுரம் போன்ற இடங்களில் சந்துகள் குறுகல். நின்று மேலே பாருங்கள். மாடியில் கைப்பிடிச் சுவர். அதன்மேல் பூந்தொட்டி. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, மின்கம்பி. நிலம் ஆடும்போது ஓடினால் இவற்றின் அடியில்தான் ஓட வேண்டும்.

அதனால் ஆட்டம் நிற்கும் வரை உள்ளேயே இருங்கள். உறுதியான மேசை இருந்தால் அதன் அடியில் புகுந்து, காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை இல்லையா? அறையின் உள்மூலையில் குந்தி, கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள். ஜன்னல், பீரோ, பரண் ஆகியவற்றுக்கு அருகில் வேண்டாம். பரணில் அண்டாவும் பெட்டியும் ஏற்றி, அதன் கீழே குழந்தையைப் படுக்க வைக்கும் வீடுகள் எத்தனை!

ஆட்டம் நின்ற பிறகும் ஆபத்து உண்டு. கரண்ட் போயிருக்கும். கை தானாகத் தீப்பெட்டியைத் தேடும். கேஸ் குழாய் பிடுங்கியிருந்தால் ஒரு குச்சி போதும், வீடே எரியும். முதலில் சிலிண்டரை மூடுங்கள். ஜன்னலைத் திறங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.

பிறகு படி வழியாக வெளியே வாருங்கள். லிப்ட் வேண்டாம். திறந்த வெளிக்குப் போங்கள். விரிசல் விட்ட வீட்டுக்குள் நகை எடுக்க, பத்திரம் எடுக்க என்று திரும்பிப் போகாதீர்கள். அடுத்த அதிர்ச்சி எந்த நேரமும் வரலாம்.

தரையில் கண்ணாடித் துண்டு கிடக்கும். இருட்டில் தெரியாது. ஒரு டார்ச் விளக்கும் ஒரு ஜோடி செருப்பும் இன்று இரவே தலைமாட்டில் இருக்கட்டும்.