தப்பியோட்டமும் மொழிபெயர்ப்பும்: அந்தமான் தண்டனைக் குடியேற்றத்தின் தொடக்க ஆவணங்கள்

1. முன்னுரை

போர்ட் பிளேர் துறைமுகத்தின் வடகரையில், சாத்தம் தீவிலிருந்து படகில் கடந்து சேரும் தொலைவில் அமைந்துள்ள ஊர் பாம்பூஃப்ளாட். மூங்கில், சமநிலம் என்னும் பொருளுடைய இரண்டு ஆங்கிலச் சொற்களால் ஆன பெயர் இது. தமிழ் எழுத்தில் எழுதப்படும்போது 'பாம்பு' என்னும் சொல்லை நினைவூட்டுவதால், பொருளறியாதார் வேறு காரணம் கற்பிக்கவும் இடமளிக்கிறது. இவ்வூரின் பின்னே உயர்ந்து நிற்கும் குன்று நெடுங்காலம் ஹாரியட் மலை எனப்பட்டது. 2021ஆம் ஆண்டில் மணிப்பூர் மலை எனப் பெயர் மாற்றப்பட்டது. எதிரே உள்ள ராஸ் தீவு 2018இலும், போர்ட் பிளேர் நகரம் 2024இலும் புதுப்பெயர் பெற்றன. பழைய ஆவணங்களைத் தமிழாக்குவோர் பெயர்களிலேயே முதல் இடர்ப்பாட்டைச் சந்திக்கின்றனர். ஆயினும் பெயர்களைவிட வினைகளும் எண்களும் பெரிய இடர் விளைக்கின்றன. 1858ஆம் ஆண்டின் தப்பியோட்டங்களைப் பற்றிய பதிவுகளைக் கொண்டு இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மதிலில்லாச் சிறை

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், தண்டிக்கப்பட்டோரை அனுப்புவதற்கென அந்தமானில் குடியேற்றம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் முதற் கண்காணிப்பாளரான ஜே.பி. வாக்கர், 1858 மார்ச் 10ஆம் நாள் 200 கைதிகளுடன் வந்திறங்கினார். இன்று யாவரும் அறிந்த செல்லுலார் சிறை அன்று இல்லை. அதன் கட்டுமானம் 1896இல் தொடங்கி 1906இல் முடிவுற்றது. 1858இல் இருந்தவை சாத்தம், ராஸ் ஆகிய தீவுகளில் வெட்டித் திருத்தப்பட்ட சிறுவெளிகளும், அவற்றைச் சூழ்ந்த கடலும் காடுமே. எனவே அவ்வாண்டு நிகழ்ச்சிகளைக் குறிக்கச் 'சிறை உடைப்பு' என்னும் தொடரைத் தமிழில் ஆள்வது பொருந்தாது. உடைப்பதற்கு மதில் இருக்கவில்லை.

மதில் இல்லாத இடத்தில் அச்சமே மதிலாக அமைந்தது. கடலைக் கடக்க இயலாது, காட்டில் பிழைக்க இயலாது என்னும் நம்பிக்கையின்மீதே ஆட்சி தன் கட்டுப்பாட்டை நிறுத்தியிருந்தது. கைதிகளிடமோ வேறொரு நம்பிக்கை பரவியிருந்தது. இந்நிலம் பர்மாவோடு இணைந்தது, சில நாள் நடந்தால் அந்நாட்டு மன்னனின் எல்லையை அடைந்து பணியில் சேரலாம் என்று பலர் எண்ணினர். நிலவியல் நோக்கில் இது பிழை. ஆனால் ஆட்சி நம்பியிருந்த அச்சத்தை இப்பிழையான நம்பிக்கை எளிதில் வென்றது. குடியேற்றம் தொடங்கிய சில நாட்களிலேயே தப்பியோட்டங்கள் தொடங்கிவிட்டன.

3. 'தப்பு' என்னும் வினை

1858 ஜூன் திங்களின் நடுவில் குடியேற்றத்தின் நிலை எண்களில் தொகுக்கப்பட்டது. வந்து சேர்ந்த கைதிகள் 773 பேர். அவர்களுள் மருத்துவமனையில் இறந்தோர் 64 பேர். தப்பிச் சென்று மீளப் பிடிபடாதோர் 140 பேர். தப்ப முயன்றதற்காகத் தூக்கிலிடப்பட்டோர் 87 பேர். தற்கொலை செய்துகொண்டவர் ஒருவர். எஞ்சியோர் 481 பேர். மூன்று திங்களுக்குள் ஐவரில் ஏறத்தாழ இருவர் கணக்கிலிருந்து நீங்கிவிட்டனர். தூக்கிலிடப்பட்டோருள் 81 பேர் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். கல்கத்தா அரசு இத்தண்டனை முறையைப் பின்னர் ஏற்கவில்லை.

இங்கு 140 என்னும் எண்ணுக்கு எதிரே உள்ள ஆங்கில வினையை மொழிபெயர்ப்போர் இயல்பாகத் 'தப்பினர்' என்று எழுதுவர். தமிழில் 'தப்பு' என்னும் வினை இடரினின்று நீங்கி நலமாக இருத்தலையும் உணர்த்தும். 'உயிர் தப்பினான்' என்னும் வழக்கு இதற்குச் சான்று. ஆவணம் எழுதியோரின் கருத்து இதற்கு மாறானது. காட்டில் பசியாலோ தீவின் முதுகுடியினரின் அம்பாலோ இவர்கள் மடிந்திருப்பர் என்றே ஆட்சி கருதியது. ஆகவே 'தப்பினர் 140' எனத் தமிழில் படிப்பவர், 140 பேர் விடுதலை பெற்றனர் எனக் கொள்வதற்கும், ஆவணம் அவர்களை இறந்தோர் பக்கம் வைத்ததற்கும் இடையே பெரும் வேறுபாடு தோன்றுகிறது. 'ஓடிப்போய் மீளப் பிடிபடாதோர்' என்னும் தொடர் நீண்டதாயினும் பொருள் வழுவாதது.

அதே வினையடியிலிருந்து வரும் 'தப்பு', 'தப்பிதம்' ஆகிய பெயர்கள் குற்றத்தையும் பிழையையும் குறிப்பன. நீங்குதலும் குற்றமும் ஒரே அடியில் நிற்பதால், தப்பியோடியவர் குற்றம் செய்தவர் என்னும் ஆட்சியின் பார்வை தமிழ்த் தொடரில் எவரும் கருதாமலே நுழைந்துவிடக் கூடும். 'தப்பிதத்திற்காகத் தூக்கிலிடப்பட்டனர்' என எழுதின், எந்தத் தப்பிதம் என்பது மறைந்துவிடும். அவர்கள் தூக்கிலிடப்பட்டது 1857இல் செய்ததற்காக அன்று. தீவை விட்டு நீங்க முயன்றதற்காக.

4. பத்தாண்டு தள்ளிப்போன நிகழ்ச்சி

இவ்வெண்கள் பொதுமக்களுக்கான நூல்களிலும் பயண ஏடுகளிலும் மற்றொரு வடிவில் வழங்குகின்றன. 1868 மார்ச் திங்களில் 238 கைதிகள் தப்ப முயன்றனர் எனவும், ஏப்ரலுக்குள் அனைவரும் பிடிபட்டனர் எனவும், ஒருவர் தற்கொலை செய்துகொள்ள, 87 பேரைத் தூக்கிலிட வாக்கர் ஆணையிட்டார் எனவும் அவை கூறுகின்றன. இக்கூற்று தமிழிலும் பலமுறை பெயர்க்கப்பட்டுள்ளது.

இதனை ஏற்பதற்கு இரு தடைகள் உள்ளன. முதலாவது, வாக்கரின் பொறுப்புக்காலம் 1859இல் முடிவுற்றது. அவருக்குப் பின் ஹாட்டன் கண்காணிப்பாளரானார். 1868இல் வாக்கர் அங்கு ஆணையிட்டிருக்க இயலாது. இரண்டாவது, தூக்கிலிடப்பட்டோர் 87, தற்கொலை 1 என்னும் இரு எண்களும் 1858 ஜூன் கணக்கில் அப்படியே காணப்படுகின்றன. ஒரே கண்காணிப்பாளர், ஒரே எண்கள், ஆண்டில் மட்டும் ஓர் இலக்க வேறுபாடு என்னும் நிலையில், 1858 என்பது படியெடுக்கும்போது 1868 ஆயிற்று எனக் கொள்வதே பொருத்தமாகும். 'அனைவரும் பிடிபட்டனர்' என்னும் கூற்றும் 140 பேர் பிடிபடவில்லை என்னும் பதிவோடு முரண்படுகிறது.

ஓர் இலக்கப் பிழையால் விளைவது சிறிதன்று. 1868 எனக் கொண்டால், பத்தாண்டு நிலைபெற்ற ஆட்சி ஒரு கலகத்தை முற்றாக அடக்கியது என்னும் கதை கிடைக்கிறது. 1858 எனக் கொண்டால், வந்திறங்கிய மூன்று திங்களுக்குள் தன் கைதிகளைக் காக்கவும் இயலாமல் கட்டுப்படுத்தவும் இயலாமல் தூக்குமரத்தை நாடிய ஓர் ஆட்சியின் தளர்ச்சி வெளிப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் தொடரைப் பெயர்ப்பதோடு அமையாது, அதன் எண்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

5. திவாரியும் மொழியறிவும்

140 பேருள் ஒருவர் பின்னர்த் திரும்பி வந்தார். தூத்நாத் திவாரி என்னும் அவர் பதினான்காம் நாட்டுக் காலாட்படையைச் சேர்ந்த சிப்பாய். கைதி எண் 276. 1858 ஏப்ரல் 23ஆம் நாள் வேறு பலருடன் ராஸ் தீவிலிருந்து ஓடினார். உடன் சென்றோருள் மிகுதியானோர் முதுகுடியினரின் தாக்குதலில் மடிந்தனர். காயமுற்ற திவாரியை அவர்கள் கொல்லாமல் விட்டுத் தம்முடன் சேர்த்துக்கொண்டனர். லிபா என்னும் பெண்ணை அவருக்கு மணமுடித்தும் வைத்தனர். ஓராண்டுக்கு மேல் அவர்களோடு வாழ்ந்து, அவர்தம் மொழியை அவர் கற்றார். 1858 ஜூன் கணக்கில் இவர் மடிந்தவராகக் கருதப்பட்ட பட்டியலில் இருந்திருத்தல் வேண்டும். அன்று அவர் காட்டில் உயிரோடிருந்தார்.

1859 மே திங்களில் முதுகுடியினர் அபர்தீன் பகுதியைத் தாக்கத் திரண்டபோது, திவாரி அவர்களிடமிருந்து நீங்கிவந்து ஆட்சிக்கு அச்செய்தியைத் தெரிவித்தார். தாக்குதல் முறியடிக்கப்பட்டது. 1860இல் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர் கூறிய செய்திகள் பதிவு செய்யப்பட்டன. 1899இல் வெளிவந்த போர்ட்மன் என்பாரின் வரலாற்று நூல் வாயிலாக அவை பின்னோர்க்கும் கிடைத்தன.

மொழியியல் நோக்கில் இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. 1789இல் பிளேர் தலைமையில் அமைந்து 1796இல் கைவிடப்பட்ட முதற் குடியேற்றக் காலத்தில் கோல்புரூக் என்பார் அந்தமான் சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்திருந்தார். அச்சொற்கள் ஜாரவா மொழிவகையைச் சார்ந்தவை எனப் பின்னாளில் அறியப்பட்டது. போர்ட் பிளேரைச் சுற்றி வாழ்ந்தோர் பேசியதோ பெரிய அந்தமானியக் குடும்பத்தைச் சேர்ந்த அக்கா-பேயா மொழி. ஆட்சியின் கையில் இருந்த சொற்பட்டியல் அதன் அண்டை மக்களின் மொழிக்கு உரியதன்று. அம்மக்களோடு பேசக்கூடிய ஆள், ஆட்சியிடமிருந்து ஓடிப்போன கைதியே. கட்டுப்பாட்டின் விரிசல் காவலர் குறைவில் மட்டும் இல்லை. மொழியறியாமையிலும் இருந்தது என்பதை இது காட்டுகிறது.

திவாரியின் செயலைத் தமிழில் எவ்வாறு குறிப்பது? 'எச்சரித்தார்' என்றால் ஆட்சியின் பக்கம் நின்று நோக்கியதாகும். 'காட்டிக்கொடுத்தார்' என்றால் தம்மை ஏற்றுக்கொண்ட மக்களின் பக்கம் நின்று நோக்கியதாகும். 'செய்தி தெரிவித்தார்' என்பது இரண்டிற்கும் இடைப்பட்டது. ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் மூலத்தின் நோக்கை மாற்றலாகாது. வரலாறு எழுதுபவர் அந்நோக்கைத் தமதாக்கிக்கொள்ளவும் ஆகாது. அக்கா-பேயா பேசிய மக்கள் இன்று இல்லை. அவர்கள் தரப்பைக் கூற அவர்தம் மொழியில் பதிவு எதுவும் இல்லாதவிடத்து, சொல்தேர்வில் பொறுப்பு மிகுகிறது.

6. தண்டலும் தீவாந்தரமும்

கைதிகளைக் கொண்டே கைதிகளை ஆள்வது அக்குடியேற்றத்தின் முறை. அவ்வாறு மேலாள்களாக்கப்பட்டோருள் ஒரு நிலையினருக்கு வழங்கிய பெயர் ஆங்கில எழுத்தில் 'டிண்டல்' எனக் காணப்படும். தமிழாக்குவோர் இதனை அயற்சொல்லாகக் கருதி அப்படியே எழுதுகின்றனர். இது தென்னகக் கடற்கரைகளில் படகுத் தலைவனைக் குறிக்கும் 'தண்டல்' என்னும் சொல்லே. தூத்துக்குடித் தோணித் தலைவனுக்கு வழங்கிய பெயரும் இதுவே. கப்பலிலிருந்து சிறைக்குச் சென்ற சொல்லைத் தமிழுக்கு மீட்கும்போது 'கைதித் தண்டல்' என அடைகொடுத்து எழுதின் வடிவும் பொருளும் ஒருங்கே விளங்கும்.

'காலாபானி' என்னும் இந்திச் சொல் திரைப்படத்தின் வாயிலாகத் தமிழில் நிலைத்துவிட்டது. ஆயினும் இத்தண்டனைக்குத் தமிழில் முன்பே வழங்கிய சொல் 'தீவாந்தரம்' என்பது. 1908இல் வ.உ. சிதம்பரனாருக்கு முதலில் விதிக்கப்பட்டது இத்தண்டனையே. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டதால் அவர் அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் இத்தண்டனை ஆயுள் சிறையாக மாற்றப்பட்டது. எனவே பழைய தீர்ப்புகளைப் பெயர்க்கும்போது 'ஆயுள் சிறை' என எழுதுவது காலமுரண் ஆகும்.

7. முடிவுரை

பாம்பூஃப்ளாட்டை அடுத்த ஹோப் டவுன் படகுத்துறையில் 1872 பிப்ரவரி 8ஆம் நாள் மாலை, மலையிலிருந்து இறங்கிவந்த தலைமை ஆளுநர் மேயோ பிரபுவைக் கைதி ஷேர் அலி கத்தியால் குத்திக் கொன்றார். நன்னடத்தையால் தன் போக்கில் நடமாடும் உரிமை பெற்றுச் சவரத்தொழில் செய்துவந்தவர் அவர். 1858இல் ஓடியோரால் வெளிப்பட்ட விரிசல், ஓடாமல் இருந்த ஒருவராலும் வெளிப்பட்டது. 1890இல் லயால், லெத்பிரிட்ஜ் ஆகியோர் நாடுகடத்தலின் அச்சம் போதாது எனக் கருதி அளித்த பரிந்துரையின் வழியே செல்லுலார் சிறையின் மதில்கள் எழுந்தன. மதிலிலிருந்து தொடங்கி வரலாற்றைப் படிப்போர்க்கு ஆட்சியின் வலிமை மட்டுமே புலப்படும். மதிலுக்கு முந்தைய ஆவணங்களோ அதன் தளர்ச்சியை எண்களிலும் வினைகளிலும் பொதிந்து வைத்துள்ளன. 'தப்பினர்' என்னும் ஒரு சொல்லையும் 1868 என்னும் ஓர் ஆண்டையும் திருத்திக்கொள்வது, 140 பேர் எந்தப் பட்டியலில் வைக்கப்பட்டனர் என்பதைத் தமிழ் வாசகர் சரியாக அறிவதற்கு முதற்படியாகும்.