ஆடற்கலையும் முழங்காலும்

கல்லூரி மண்டபங்களிலே வாணிவிழாவும் பரிசளிப்பு விழாவும் நிகழுங்காலத்துப் பரதநாட்டியம் இடம்பெறாத நிகழ்ச்சிநிரலைக் காண்டல் அரிது. சதங்கை ஒலியிலே உள்ளம் பறிகொடுக்கும் நாம், அதனைத் தாங்கும் கால்களைப் பற்றி நினைப்பதில்லை. ஒத்திகை முடிந்தபின் மேடைப் படியில் அமர்ந்து, "முழங்கால் நோகிறது" என்று கூறும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்பதே. இவ்விடை எக்காலும் பொருந்துவதன்று என்பதை விளக்குதலே எமது நோக்கமாகும்.

முழங்கால் கதவின் பிணைச்சல் போன்றது. மடங்கவும் நீளவும் வல்லது. திரும்பும் ஆற்றல் சிறிதே உடையது. இடுப்பு மூட்டோ கிண்ணத்துட் பந்து போலப் பல பக்கமும் சுழல வல்லது. பரதத்தின் அடிப்படை நிலையாகிய அரைமண்டியிலே பாதங்கள் இருபுறமும் விரிய, முழங்கால்கள் பக்கவாட்டில் மடங்குகின்றன. இவ்விரிவு இடுப்பிலிருந்து பிறத்தல் வேண்டும். ஆனால் இடுப்பென்பின் அமைப்பு எல்லார்க்கும் ஒரு தன்மையதன்று. இடுப்புப் போதிய அளவு திரும்பாத பிள்ளை, ஆசிரியர் காட்டிய கோணத்தை எய்தும் பொருட்டுப் பாதத்தை மட்டும் வலிந்து திருப்புகின்றது. அப்பொழுது தொடை ஒரு திசையையும் பாதம் வேறொரு திசையையும் நோக்க, இடையிலுள்ள முழங்கால் முறுக்குண்கின்றது. முழங்காற் சில்லு நேராக வழுக்காது ஒருபுறம் இழுபடுகின்றது. பாதத்தின் உள்வளைவு தாழ்ந்து, முழங்கால் பெருவிரலுக்கும் உட்புறமாகச் சாய்தலே இதன் அடையாளம்.

இரண்டாவது காரணம் தசைவலிமைக் குறைவு. தொடையின் முன்தசையும் இடுப்பின் பக்கத் தசைகளும் களைத்தவுடன் முழங்கால் உட்சாய்கின்றது. மடிப்பு ஆழமாகுந்தோறும் சில்லின் பின்புறத்து அழுத்தம் பெருகும். முழுமண்டியிலிருந்து எழும் அடவுகளில் அது மிக அதிகம். படியேறும்போதும் நெடுநேரம் கால் மடக்கி அமரும்போதும் சில்லைச் சூழத் தோன்றும் நோவு இவ்வகையினது.

மூன்றாவது வளர்ச்சி. ஏறத்தாழப் பெண்பிள்ளைகளுக்கு 10 முதல் 13 வயதிலும், ஆண்பிள்ளைகளுக்கு 12 முதல் 15 வயதிலும் என்பு விரைந்து நீள்கின்றது. தசை அதற்கேற்ப நீளாது இறுகுகின்றது. இறுகிய முன்தசை, சில்லுக்குக் கீழே கணைக்கால் என்பின் முதிராத புடைப்பை இழுத்தலால் அவ்விடம் வீங்கி நோகும். 1903 ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகரத்து ஒஸ்குட், சூரிச் நகரத்து ஷிலாற்றர் என்னும் வைத்தியர் இருவரும் தனித்தனியே இதனை விவரித்தனர். வளர்ச்சி முடிய இது பெரும்பாலும் தணியும். அதுவரை சுமையைக் குறைத்தல் வேண்டும்.

நான்காவது பயிற்சியின் அளவும் தரையும். வெறுங்காலால் தட்டும் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் கால்களே தாங்குகின்றன. சீமெந்துத் தரை அதனைச் சிறிதும் ஏற்பதில்லை. கீழே வெளியுள்ள மரத்தளம் ஓரளவு ஏற்கும். வாரத்தில் இருநாள் ஆடிய பிள்ளை, அரங்கேற்றமோ பரீட்சையோ அணுகியதும் நாள்தோறும் மணிக்கணக்காக ஆடுதல் பெருந்தீங்கு.

பரிகாரம் அரிதன்று. அரைமண்டியில் முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேரே நிற்குமளவிற்கே பாதத்தை விரித்தல் வேண்டும். ஆட்டத்தின் முன் உடலைச் சூடேற்றுதலும், தொடை இடுப்புத் தசைகளை வலுப்படுத்துதலும், பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுதலும் நன்று. நோவுள்ள நாள்களில் கதிரையில் அமர்ந்து முத்திரையும் அபிநயமும் தாளமும் பயிலலாம், கல்வி தடைப்படாது.

மூட்டு வீங்குதல், பூட்டிக்கொள்ளுதல், நொண்டுதல், இரவில் நோதல், காய்ச்சல் ஆகியன காணின் வைத்தியரை நாடுதல் வேண்டும். வளரும் பிள்ளையின் இடுப்பு மூட்டிலுள்ள கோளாறும் முழங்கால் நோவாகத் தோன்றுமாதலின், இடுப்பையும் சோதித்தல் அவசியம்.

தன் இடம் பிறர்க்குப் போய்விடுமோ என்று அஞ்சி நோவை மறைக்கும் பிள்ளைகள் பலர். அவ்வச்சத்தை நீக்குதல் ஆசிரியர், பெற்றோர் ஆகிய நம் எல்லோரதும் கடன். நோவைக் கூறும் பிள்ளையைச் சோம்பேறி என்னாது செவிசாய்ப்போமாயின், அப்பிள்ளை பல்லாண்டு ஆடக் கண்டு மகிழ்வோம்.