ஏடறியா மூதாய்: ஓட்டோ-பாமே மொழிகளும் அவற்றின் மூலமொழியும்

ஒரு மொழியின் பண்டை வடிவை அறிய முற்படுவோர் கல்வெட்டையும் சுவடியையுமே முதலில் நாடுவர். அவை இரண்டும் இல்லாதவிடத்து எஞ்சுவது, அம்மொழியின் வழித்தோன்றல்களைப் பேசுவோரின் நாவு மட்டுமே. மெக்ஸிகோ நாட்டின் நடுமேட்டு நிலத்திலும் அதற்கு வடக்கேயுள்ள வறண்ட பகுதிகளிலும் வழங்கும் ஓட்டோ-பாமே மொழிகளின் வரலாறு இத்தகையது. அம்மொழிகளின் பொது மூதாயை எழுத்தில் கண்டவர் எவருமிலர். ஆயினும் அவளது சொற்கள் பலவற்றை அறிஞர்கள் மீட்டெடுத்துள்ளனர். அது எவ்வாறு இயன்றது என்பதையும், அம்முயற்சி இன்று எதனை நம்பி நிற்கிறது என்பதையும் நாம் இங்கு நோக்குவோம்.

ஓட்டோ-மாங்கே எனும் பெருங்குடும்பத்தின் வடகோடிக் கிளையே ஓட்டோ-பாமே. ஸபோட்டெக், மிஸ்டெக் முதலியன அப்பெருங்குடும்பத்தின் பிற கிளைகளைச் சார்ந்தவை. ஓட்டோ-பாமே கிளையின் தென்பிரிவில் ஓட்டோமி, மஸாவா, மாட்லட்ஸின்கா, ட்லாவிகா ஆகியனவும், வடபிரிவில் பாமே, சிச்சிமெக்கா ஹோனாஸ் ஆகியனவும் அடங்கும். 2020ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி ஓட்டோமி பேசுவோர் ஏறத்தாழ மூன்று லட்சம். மஸாவா பேசுவோர் ஒன்றரை லட்சம். பாமே பேசுவோர் பன்னிரண்டாயிரம் அளவினர். ஏனைய மூன்றையும் பேசுவோர் ஒவ்வொன்றிலும் ஓரிரு ஆயிரவரே. இப்பெயர்களிற் பல பிறர் இட்டவை என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று. ஓட்டோமியர் பலர் தம் மொழியை ‘ஹ்ஞாஹ்ஞு’ என்றும், மஸாவர் தம்முடையதை ‘ஹ்ஞாத்ஹோ’ என்றுமே வழங்குகின்றனர்.

மூதாயை மீட்கும் முறையை விளக்க எண்ணுப்பெயர்களே ஏற்றவை. இரண்டு என்பது ஓட்டோமியில் ‘யொஹோ’, மஸாவாவில் ‘யெஹெ’. மூன்று, ‘ஹ்ஞு’ என்றும் ‘ஹ்ஞீ’ என்றும் வரும். உறவு வெளிப்படை. ஆயின் ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. கடன் வாங்கிய சொல்லும் ஒத்திருக்கும், தற்செயலும் ஒத்திருக்கும். ஆய்வாளர் தேடுவது ஒழுங்கான வேற்றுமையை. ஓட்டோமியில் ஐந்து ‘குத்த’, பத்து ‘ரெத்த’. மஸாவாவில் இவை ‘த்ஸிச்ச’, ‘தியெச்ச’. ஓட்டோமியின் ஏழும் எட்டும் ‘யொத்தோ’, ‘ஹ்ஞாத்தோ’. மஸாவாவில் ‘யென்ச்சோ’, ‘ஹ்ஞின்ச்சோ’. தகரம் நிற்குமிடத்தில் மஸாவாவில் சகரம் நிற்கிறது. ஆனால் ஆறு என்பதில் இவ்விதி பிழைக்கிறது: ஓட்டோமி ‘ரத்தோ’, மஸாவா ‘ஞன்தோ’. இங்குத் தகரம் மாறவில்லை.

ஏன் மாறவில்லை? மஸாவாவில் தகரம் சகரமான சொற்களில் அதற்கு முன் நிற்பவை இகரமும் எகரமும். ஆறில் நிற்பது அகரம். தமிழ்க் காதுக்கு இது புதிதன்று. ‘அடித்தான்’ என்பது பேச்சில் ‘அடிச்சான்’ ஆகிறது. ‘படுத்தான்’ என்பது ‘படுச்சான்’ ஆவதில்லை. இகரத்தின் அண்மையே தகரத்தைச் சகரமாக்குகிறது. ‘குத்த’ என்பதன் ககரம் மஸாவாவில் இகரத்தின் முன் ‘த்ஸ்’ ஆனதும் இவ்வாறே. கன்னடத்தின் ‘கிவி’ தமிழில் ‘செவி’ எனச் சகரம் பெற்றிருப்பதை அறிந்தவர்க்கு இதுவும் விளங்கும். ஆகவே விதிவிலக்கெனத் தோன்றிய ஆறே விதியின் காரணத்தை நமக்குக் காட்டிக்கொடுத்தது. தகரமும் ககரமுமே பழையவை என்று இதனால் துணிகிறோம். இங்ஙனம் துணியப்பட்ட வடிவங்களுக்கு முன்னால் மொழியியலார் ஓர் உடுக்குறி இடுவர். ‘இதனைச் செவியுற்றவர் இலர், உய்த்துணர்ந்தது மட்டுமே’ என்பது அக்குறியின் பொருள். இத்துறையின் நேர்மை அவ்வொரு குறியில் அடங்கியுள்ளது என்பது நம் கருத்து.

எண்கள் எச்சரிக்கையும் தருகின்றன. ஓட்டோமியின் ஏழில் இரண்டும், எட்டில் மூன்றும் ஒளிந்துள்ளன. ஐந்தை அடியாகக் கொண்டு மேலே கூட்டிச் செல்லும் முறை இது. வடபாமேயோ எட்டை அடியாகக் கொண்டு எண்ணுகிறது. உடன்பிறந்த மொழிகளே இவ்வாறு பிரிந்து நிற்கையில், ஐந்துக்கு மேல் மூதாய் எவ்வாறு எண்ணினாள் என்பதை ஓட்டோமியை மட்டும் வைத்து உரைப்பது அவசரமாகும்.

அத்தகைய அவசரம் முன்னர் நிகழ்ந்ததுண்டு. மனுவேல் கிறிசோஸ்தமோ நாஹெரா எனும் மெக்ஸிகோத் துறவி 1837இல் பிலடெல்பியாவில் வெளியான தம் இலத்தீன் ஆய்வில், ஓட்டோமி ஓரசைச் சொற்களால் ஆனதென்றும் சீனத்தை ஒத்ததென்றும் வாதிட்டார். ஓட்டோமியின் சொற்கள் குறியவை. குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறுபவை. அம்மொழி ஒன்றையே கேட்டவர்க்கு அவ்வெண்ணம் எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் பாமேயைக் கேட்டால் காட்சி மாறுகிறது. ஓட்டோமிச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிய, பாமேச் சொற்கள் மெய்யில் முடிகின்றன. மெய்கள் அடுக்கியும் வருகின்றன. ஓட்டோமியின் குறுமை பிறவிக் குணமன்று, தேய்மானத்தின் விளைவு. மூதாயின் ஈற்று மெய்களை ஓட்டோமி இழந்தது, பாமே காத்தது. மூன்று லட்சம் நாவுகளில் இல்லாத சான்று சில ஆயிரம் நாவுகளில் இருக்கிறது என்பதே இக்குடும்பம் நமக்குக் கற்பிக்கும் செய்தி.

ஸ்பானியத் துறவியர் சமயப் பரப்புரைக்கென எழுதிய இலக்கணங்களும் அகராதிகளும் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கிடைக்கின்றன. 1605ஆம் ஆண்டைச் சார்ந்த அலோன்ஸோ உர்பானோவின் மும்மொழி அகராதியில் ஸ்பானியம், நாவாட்டல், ஓட்டோமி ஆகிய மூன்றும் இடம்பெறுகின்றன. எனினும் குடும்பம் முழுவதையும் ஒருசேர நோக்கிய பெருநூல் 1937இல்தான் வந்தது. அதன் ஆசிரியர் பிரெஞ்சு மானிடவியலார் ஜாக் சூஸ்தெல்.

இப்பெயர் நம் வாசகர்க்கு வேறோரிடத்தில் அறிமுகமாகியிருக்கலாம். 1955இல் அல்ஜீரியாவின் பிரெஞ்சுத் தலைமை ஆளுநராக அனுப்பப்பட்டவர் இவரே. மெக்ஸிகோவின் ஒதுக்குப்புறக் கிராமங்களில் அமர்ந்து சிறுபான்மை மக்களின் சொற்களைப் பொறுமையுடன் திரட்டிய அவர், அல்ஜீரிய முஸ்லிம்களின் விடுதலை வேட்கைக்குக் கடும் எதிரியானார்; அதன்பொருட்டு டி கோலையே பகைத்து, 1968 வரை அயல்நாடுகளில் அலைந்தார். ஒரு மக்களின் மொழியை அறிவது அவர்தம் உரிமையை ஏற்பதாகாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று தேட வேண்டியதில்லை. ஆயினும் அவர் தொகுத்த தரவுகளின் பயனை மறுப்பதற்கில்லை.

1950இல் ஸ்டான்லி நியூமனும் ராபர்ட் வைட்லானரும் ஓட்டோமிக் கிளைமொழிகளின் மூலத்தையும், அடுத்து ஓட்டோமி-மஸாவா மூலத்தையும் மீட்டமைத்தனர். 1965இல் டோரிஸ் பார்த்தலோமியூ சிகாகோ பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் குடும்பம் முழுமைக்கும் பொதுவான மூதாயை எட்டினார். 1976இல் கால்வின் ரென்ஷ் வெளியிட்ட நூல் அதனினும் பழைய ஓட்டோ-மாங்கே மூலத்தை நோக்கிச் சென்றது.

அரபு பயின்றவர் இம்மொழிகளில் சில பழகிய முகங்களைக் காண்பர். அரபியில் போன்றே ஒருமை, பன்மைகளுக்கு இடையே இருமை உண்டு. தமிழின் ‘நாம்’, ‘நாங்கள்’ எனும் வேறுபாடும் உண்டு. இரண்டும் கூடும்போது ஓட்டோமியில் ‘நானும் நீயும்’, ‘நானும் அவனும்’, ‘நாம் எல்லோரும்’, ‘நீயின்றி நாங்கள்’ என நான்கு வகை பிறக்கின்றன. இவை இனத்தொடர்பால் வந்தவையல்ல. மனித மொழிகள் தனித்தனியே கண்டடைந்த வழிகள்.

சான்றுகள் குறைந்து வருவதே இன்றைய கவலை. இதால்கோ மாநிலத்தின் ஹிலியாபான் ஊரில் வழங்கிய தென்பாமே இன்று பேசுவோரின்றி மறைந்துவிட்டது. சூஸ்தெலும், 1967இல் அதன் விளக்கத்தை வெளியிட்ட லியோனார்டோ மான்ரீக்கேயும் எழுதி வைத்தவற்றுக்கு அப்பால் அதனிடம் புதிதாக வினவ வழியில்லை. 2003இல் மெக்ஸிகோ நிறைவேற்றிய மொழியுரிமைச் சட்டம் பழங்குடி மொழிகளை ஸ்பானியத்தோடு தேசிய மொழிகளாக ஏற்றது. சட்டம் தேவையானதே; ஆனால் வீட்டில் குழந்தையிடம் எம்மொழியில் பேசுவது என்பதைச் சட்டம் முடிவு செய்வதில்லை.

சிச்சிமெக்கா ஹோனாஸின் நிலை இன்னும் நெருக்கடியானது. குவானாஹுவாத்தோ மாநிலத்தில் ஸான் லூயிஸ் தெ லா பாஸ் நகரையொட்டிய ஒரே குடியிருப்பில்தான் அம்மொழி வழங்குகிறது. ‘என்னுடையது’, ‘உன்னுடையது’, ‘அவனுடையது’ என உடையவர் மாறுந்தோறும் பெயர்ச்சொல்லின் முதல் மெய்யே மாறும் முறை அங்கு இன்றும் செழித்திருக்கிறது. மூதாயின் பெயர்ச்சொற்கள் எவ்வாறு திரிந்தன என்று கேட்கப் புகுவோர் அக்குடியிருப்பின் முதியோரிடந்தான் செல்ல வேண்டும்.