உங்களுக்குத் தெரியுமா? பர் துபாயில் காசு செலவில்லாத ஆரோக்கியம்

● சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 இந்தியர்களைச் சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சுமார் இரண்டரை ஆண்டு கவனித்தார்கள். தினமும் அரை மணி நேர வேக நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5% குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 26.4%. நடை, மாத்திரை இரண்டும் சேர்ந்தபோதும் கூடுதல் பலன் இல்லை! 2006-ல் வெளியான இந்த முடிவை ஒவ்வொரு பெட் ஸ்பேஸ் ரூமின் சுவரிலும் ஒட்டி வைக்கலாம்.

● அந்த அரை மணி நேரத்துக்கு ஜிம் தேவையில்லை. மீனா பஜாரிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கும் அல் சீஃப் கரையோர நடைபாதையின் நீளம் 1.8 கி.மீ. ஒருமுறை போய்த் திரும்பினால் அன்றைய கணக்கு முடிந்தது.

● '30 நாள், தினம் 30 நிமிடம்' என்ற துபாய் ஃபிட்னஸ் சேலஞ்ச் 2017-ல் தொடங்கியது. நவம்பரில் சேலஞ்ச் முடிந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மார்ச் வரை இங்கே நடக்க ஏற்ற காலம்தானே, ஏன் நிறுத்த வேண்டும்?

● கோடையிலும் வழி இருக்கிறது. 2025 ஆகஸ்டில் துபாய் மல்லத்தான் என்ற பெயரில் பெரிய மால்களைக் காலை 7 முதல் 10 மணி வரை நடைப்பயிற்சிக்குத் திறந்துவிட்டார்கள்.

● ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அமீரகச் சட்டம். அந்த நேரத்தில் நாமும் நிழலில் இருப்பதே நல்லது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் உடம்பு தண்ணீர் கேட்கிறது. 2022-ல் தொடங்கிய 'துபாய் கேன்' திட்டத்தில் நகரெங்கும் இலவசக் குடிநீர் நிலையங்கள் உள்ளன, பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

● இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் வைட்டமின் டி குறைபாடு சர்வசாதாரணம். ரூம், மெட்ரோ, ஆபீஸ் எல்லாம் ஏ.சி.க்குள்தான். தேவையான கதிர்களை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். மாத்திரை வாங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

● ஒரு கராக் சாயாவில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றாலும், நாளுக்கு நான்கு குடித்தால் சுமார் 32 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளிர்பானங்களுக்கு 50%, எனர்ஜி டிரிங்குக்கு 100% என்று 2017 அக்டோபரில் அமீரகம் கலால் வரி போட்டதற்கு உடல்நலக் கவலையும் ஒரு காரணம்.

● இந்திய உடல்வாகுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

● விசா மெடிக்கலில் 'ஃபிட்' என்று வந்ததால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். காசநோய், எச்.ஐ.வி. போன்ற தொற்றுகளைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சோதனை, சர்க்கரையைப் பார்ப்பதற்கல்ல. முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் தனியாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ரூம் நண்பரையும் கூட்டிப் போங்கள்.