ஜூனோவின் பனிச்சறுக்கு மலை: இனி யார் கையில்?

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத் தலைநகரான ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. விமானத்திலோ கப்பலிலோதான் போக முடியும். சுமார் 32 ஆயிரம் பேர் வாழும் இந்த நகரத்துக்குச் சொந்தமாக ஒரு பனிச்சறுக்குத் தளம் உண்டு. டக்ளஸ் தீவில் இருக்கும் அதன் பெயர் ஈகிள்கிரெஸ்ட். 1976-ல் திறக்கப்பட்ட இந்தத் தளத்தை, நூலகத்தையும் நீச்சல் குளத்தையும் போல நகராட்சிதான் நடத்திவருகிறது. 1992 ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் வெள்ளி வென்ற ஹிலரி லிண்ட் இந்த ஊர்ப் பெண்தான்.

ஆனால், டிக்கெட் வருமானம் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆண்டுதோறும் நகராட்சி மானியம் தர வேண்டியிருக்கிறது. தளத்தை நகராட்சியே தொடர்ந்து வைத்திருப்பதா, வேறு கைக்கு மாற்றுவதா என்ற கேள்வி இதனால்தான் எழுகிறது.

நட்டம் ஏன்?

முதல் காரணம் வானிலை. தளத்தின் அடிவாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 அடி உயரத்தில்தான் இருக்கிறது. ஜூனோவின் குளிர்காலம் உறைநிலையை ஒட்டியே ஊசலாடும். உச்சியில் பனி பெய்யும் அதே நேரத்தில் அடிவாரத்தில் மழை கொட்டுவது இங்கே சாதாரணம். வெப்பம் ஓரிரு டிகிரி கூடினாலே சறுக்கும் பாதை சேறாகிவிடும். பனி பொய்த்த ஆண்டிலும் சம்பளம், மின்சாரம், காப்பீடு எதுவும் குறைவதில்லை.

இரண்டாவது, இயந்திரங்களின் வயது. உச்சிக்குப் போகும் டார்மிகன் லிஃப்ட் தளம் தொடங்கிய காலத்தைச் சேர்ந்தது. பிளாக் பேர் என்ற இன்னொரு லிஃப்ட் சில பருவங்களாக ஓடவில்லை. உதிரிபாகம் எதுவானாலும் கப்பலிலோ விமானத்திலோதான் வந்து சேர வேண்டும். சாலை இல்லாததால், பக்கத்து ஊர்க்காரர்கள் காரில் வந்து கூட்டம் சேர்க்கவும் வழியில்லை.

கோடையை நம்பிய திட்டம்

குளிர்காலத்தில் விழும் பள்ளத்தைக் கோடையில் நிரப்பலாம் என்று நகராட்சி கணக்குப் போட்டது. கோடையில் ஜூனோவுக்கு உல்லாசக் கப்பல்களில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை மலைக்கு ஏற்றிச் சென்றாலே போதும் என்று, 2022-ல் ஆஸ்திரியாவில் ஓடிக்கொண்டிருந்த பழைய கேபிள் கார் ஒன்றைச் சுமார் 20 லட்சம் டாலர் செலவில் வாங்கினார்கள். அதை நிறுவ கோல்ட்பெல்ட் நிறுவனம் ஒரு கோடி டாலர் தர முன்வந்தது. கோடை வருமானத்தில் பங்கு என்பது உடன்பாடு.

கோல்ட்பெல்ட், 1971-ம் ஆண்டு சட்டத்தின் கீழ் அலாஸ்கா பூர்வகுடிகளுக்காக உருவான நிறுவனங்களில் ஒன்று. கப்பல் துறையிலிருந்தே புறப்படும் மவுன்ட் ராபர்ட்ஸ் கேபிள் காரும் அதற்குச் சொந்தம். எனவே அது ஈகிள்கிரெஸ்டுக்குக் கூட்டாளி. அதே கப்பல் பயணிகளை ஈர்ப்பதில் போட்டியாளரும்கூட.

கேபிள் கார் பாகங்கள் கடல் கடந்து ஜூனோவுக்கு வந்து சேர்ந்தன. ஆனால் அடித்தளம், கோபுரங்கள், மின்வசதி என்று செலவு மதிப்பீடு ஏறிக்கொண்டே போனது. தொடக்க நாளும் தள்ளிப்போனது. இதற்கிடையே 2025 அக்டோபர் வாக்கெடுப்பில், உணவுப் பொருட்களுக்கு விற்பனை வரி விலக்கையும் சொத்து வரிக்கு உச்சவரம்பையும் மக்கள் ஆதரித்தார்கள். நகராட்சியின் வருவாய் சுருங்கும்போது முதலில் கத்தி விழுவது மானியங்கள் மீதுதான்.

மற்ற ஊர்கள் என்ன செய்தன?

நியூ ஹாம்ப்ஷயர் மாநில அரசு, தனக்குச் சொந்தமான மவுன்ட் சனபீ தளத்தை 1998-ல் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது. குத்தகைப் பணம் மாநிலமே நடத்தும் கேனன் மலைத் தளத்தின் மேம்பாட்டுக்குப் போகிறது. ஆனால் குத்தகை கைமாறிக்கொண்டே வந்து, 2018-ல் வெய்ல் ரிசார்ட்ஸ் என்ற பெருநிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. ஒருவரை நம்பித் தொடங்கிய ஏற்பாடு அப்படியே நீடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஐடஹோ மாநிலத்தின் போகஸ் பேசின் இன்னொரு வழியைக் காட்டுகிறது. லாபநோக்கமற்ற அமைப்பு நடத்தும் இந்தத் தளம், 1998-ல் பருவச் சீட்டின் விலையை 199 டாலராக வெட்டியது. கூட்டம் குவிந்தது. பின்னர் மலைச்சரிவு ரோலர் கோஸ்டர் அமைத்துக் கோடை வருமானத்தையும் பெருக்கியது. ஆனால் அதன் அடிவாரத்தில் பாய்சி என்ற பெரிய நகரம் இருக்கிறது. ஜூனோவுக்கு அந்த வசதி இல்லை.

ஜூனோவின் முன் இருப்பவை

நகராட்சியே நடத்தி மானியத்தைத் தொடர்வது, சொத்தை வைத்துக்கொண்டு நடத்தும் பொறுப்பை மட்டும் லாபநோக்கமற்ற அமைப்பிடமோ கோல்ட்பெல்ட் போன்ற நிறுவனத்திடமோ ஒப்படைப்பது, முற்றிலும் விற்றுவிடுவது. மொத்தத்தில் பார்த்தால் வழிகள் இந்த மூன்றுதான்.

விற்பது எளிதல்ல. பழைய லிஃப்டுகளையும் நிச்சயமற்ற பனியையும் விலை கொடுத்து வாங்குபவர், கோடை வருமானத்தைக் கணக்கில் வைத்தே வருவார். குளிர்காலத்தில் நட்டம் வந்தால் அவர் முதலில் குறைப்பது, உள்ளூர்ப் பிள்ளைகள் சறுக்கும் நாட்களைத்தான். நகராட்சியே தனியாகச் சுமப்பதும் இன்றைய வரி நிலவரத்தில் நெடுநாள் தாங்காது.

ஆகவே நடுவழிதான் நியாயம்: மலை நகரத்திடமே இருக்கட்டும், நடத்துபவர் மாறட்டும். ஆனால் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருந்தாக வேண்டும். குளிர்காலத்தில் குறைந்தது எத்தனை நாள் திறந்திருக்க வேண்டும், பனி பொய்த்த ஆண்டின் நட்டம் யார் தலையில் விழும், நடத்துபவர் கைவிட்டால் லிஃப்டுகள் யாருக்குச் சேரும். இவற்றுக்குப் பதில் எழுதாமல் யார் கையில் கொடுத்தாலும், கடைசியில் செலவு வரி கட்டுபவரிடமே திரும்பி வரும்.